மாதவிடாய் நின்றபின் உடல்நலம்: பெண்கள் பார்க்கும் விதம்

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கிடுகிறது. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நேர்கிறது. இந்தியப் பெண்களுக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே, 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அந்த வயதைத் தொட்ட பெண் மேலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வாள் என்று எதிர்பார்க்கலாம். பூப்பெய்தியதிலிருந்து மாதவிடாய் நிற்கும்வரை கழிந்த காலத்தோடு ஒப்பிடத்தக்க நீளம் இது. இந்த ஆண்டுகளில் தங்கள் உடல்நலத்தைப் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எதைப் பொருட்படுத்தாமல் விடுகிறார்கள் என்பதை மருத்துவர்களும் மானிடவியலாளர்களும் உளவியலாளர்களும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பெண்கள் பெரிதும் கவலைப்படும் தொல்லைகளும், பிற்காலத்தில் அவர்களை முடக்கிப்போடும் நோய்களும் பெரும்பாலும் வேறு வேறு.

இதற்கு உடலின் இயல்பே ஒரு காரணம். சினைப்பைகள் ஓய்ந்து ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குறையும்போது பல மாற்றங்கள் ஒரே காலத்தில் தொடங்குகின்றன. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சிறு வெப்ப ஏற்றத்துக்கும் பதறுகிறது. திடீரென்று உடம்பு தகித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் வந்தால் தூக்கம் கெடுகிறது. இவற்றை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. அதே காலத்தில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடுகிறது, இடுப்பைச் சுற்றிச் சதை போடுகிறது, பெண்ணுறுப்பின் உட்சுவரும் சிறுநீர்ப் பாதையும் மெலிகின்றன. இவற்றில் எலும்பும் இரத்தக் குழாயும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு எந்தச் சத்தமும் போடுவதில்லை. தகிப்பு அடங்கியதும் கண்டம் தாண்டிவிட்டதாகவே பெண்கள் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஐந்து இனப் பிரிவுகளைச் சேர்ந்த 3,302 பெண்களை 1990களின் நடுவிலிருந்து பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ என்ற நெடுங்கால ஆய்வு, அடிக்கடி வரும் தகிப்பு சராசரியாக 7.4 ஆண்டுகள் நீடிப்பதைக் கண்டது. கறுப்பினப் பெண்களுக்கு அது 10.1 ஆண்டுகள், ஜப்பானிய வழிவந்தவர்களுக்கு 4.8. ஓரிரு ஆண்டுத் தொல்லை என்ற பழைய நம்பிக்கை அத்தோடு போயிற்று.

மாதவிடாய் நிற்பதை எல்லா நாட்டுப் பெண்களும் நோயாகவோ இழப்பாகவோ பார்க்கவில்லை என்பதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் மானிடவியலாளர்கள். மார்ச்சா ஃபிளிண்ட் 1975இல் வெளியிட்ட கட்டுரை இதில் முன்னோடி. ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களிடம் பேசிய அவர், மாதவிடாய் ஒழுங்கின்மையைத் தவிர வேறு தொல்லை எதையும் பெரும்பாலோர் சொல்லவில்லை என்று எழுதினார். அதுவரை முக்காட்டுக்குள்ளும் உள்கட்டிலும் இருந்த பெண்களால், மாதவிடாய் நின்றபின் முன்கட்டுக்கு வந்து ஆண்களோடு அமர்ந்து பேசவும் சிரிக்கவும் முடிந்தது. அவர்களுக்கு அது கிடைத்த உரிமை. தமிழ்நாட்டிலும் இந்த மனநிலை புதியதன்று. வீட்டுக்கு விலக்காகும் நாட்களில் பூசையறைக்கும் சமையற்கட்டுக்கும் தள்ளி நின்ற தலைமுறைப் பெண்களுக்கு, அது நின்றதும் கோயில் குளம், கல்யாணம் காட்சி எதற்கும் நாள் எண்ண வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. சபரிமலைக்கு மாலை போட ஐம்பது வயதைக் கடக்கக் காத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர்.

மெக்சிகோவின் யுகத்தான் பகுதி மாயா பெண்களிடம் யெவுப்தார் பெயெனே நடத்திய ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கே பெண்கள் தகிப்பு என்ற ஒன்றைச் சொல்லவே இல்லை. மீண்டும் மீண்டும் கருத்தரிக்கும் கவலையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று அந்த வயதை ஆவலோடு எதிர்நோக்கினார்கள். ஜப்பானில் ஆய்வு செய்த மார்கரெட் லாக், 45 முதல் 55 வயதுக்குட்பட்ட பெண்களிடம் முந்தைய இரண்டு வாரங்களில் தகிப்பு இருந்ததா என்று கேட்டபோது 12 விழுக்காட்டினரே ஆம் என்றனர். கனடாவில் இது 31, அமெரிக்காவில் ஏறக்குறைய 35 விழுக்காடு. ஜப்பானியப் பெண்கள் மிகுதியாகச் சொன்னது தோள்பட்டை இறுக்கத்தை. அவருடைய ‘என்கவுண்டர்ஸ் வித் ஏஜிங்’ நூல் 1993இல் வெளிவந்தபோது, உணவும் உழைப்பும் குடும்ப அமைப்பும் சேர்ந்து உடலின் அனுபவத்தையே மாற்றக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது.

ஆனால் இந்த ஆய்வுகளிலிருந்து அவசரமான முடிவுக்கு வருவது ஆபத்து. மாயா பெண்களின் இரத்தத்தையும் எலும்பையும் 1990களின் தொடக்கத்தில் சோதித்தபோது, ஹார்மோன் வீழ்ச்சியும் எலும்பு அடர்த்திக் குறைவும் மற்ற நாட்டுப் பெண்களைப் போலவே அவர்களுக்கும் இருந்தன. தகிப்பு இல்லை, எலும்பு முறிவும் அரிது. எலும்பு மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. தொல்லை தெரியவில்லை என்பதால் உடலில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ‘அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கு இருந்தது’ என்று சொல்லும் பாட்டிகளின் பேச்சையும் இந்த எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். சொல்லிக்கொள்ள இடமில்லாத காலத்தில் பலர் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள தொடர்பை உளவியலாளர்கள் தனியே ஆராய்ந்தார்கள். சிகாகோவில் பெர்னிஸ் நியூகார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிற்பதை மிகவும் அஞ்சியவர்கள் இளம்பெண்கள். அதைக் கடந்து வந்தவர்கள் அவ்வளவாக அஞ்சவில்லை. பல நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றுள் பத்தில், கசப்பான எண்ணம் கொண்ட பெண்களே கூடுதலான தொல்லைகளைச் சொல்லியிருந்தார்கள். தொல்லையால் எண்ணம் கசந்ததா, எண்ணத்தால் தொல்லை கூடியதா என்பதை இத்தகைய ஆய்வு பிரித்துச் சொல்லாது. இரண்டுமே இருக்கலாம். மனநிலையை மாற்றிப் பழக்கும் உளவியல் சிகிச்சை தகிப்பால் வரும் வேதனையையும் தூக்கக் குறைவையும் குறைக்கிறது என்பது பிறகு சோதனைகளில் தெரியவந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களில் அதற்கு இடமும் கிடைத்திருக்கிறது.

பெண்களின் பார்வையை வேறு எதையும்விட அதிகமாக அலைக்கழித்தது ஹார்மோன் சிகிச்சையின் கதை. கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜென் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு 1942இல் வந்தது. ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் 1966இல் எழுதிய ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ புத்தகம், மாதவிடாய் நின்ற பெண்ணைக் குறைபாடுள்ளவளாகச் சித்திரித்து, ஈஸ்ட்ரோஜென் அவளை இளமையாகவே வைத்திருக்கும் என்றது. லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். 1975இல் ஈஸ்ட்ரோஜெனைத் தனியாக எடுத்துக்கொள்வது கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் விற்பனை சரிந்தது. புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து நீங்கும் என்று கண்டபின் மறுபடியும் ஏறியது. இதயத்தையும் காக்கும் என்ற நம்பிக்கை அதோடு ஒட்டிக்கொண்டது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கத்தான் அமெரிக்க அரசு ‘விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மாபெரும் ஆய்வைத் தொடங்கியது. இரு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் மட்டும் 16,608 பெண்கள். 2002 ஜூலையில் அந்தப் பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அந்த விழுக்காட்டுக்குப் பின்னால் இருந்த கணக்கு இது: போலி மாத்திரை எடுத்த 10,000 பேரில் ஆண்டுக்கு 30 பேருக்குப் புற்றுநோய் வந்தது, ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். பக்கவாதமும் அதே அளவு கூடியது. இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைந்தது. கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பல செய்தித்தாள்கள் கவனிக்கவில்லை. மாதவிடாய் நின்ற புதிதில் தகிப்புக்காக மருந்து தேடும் 50 வயதுப் பெண்ணும், நின்று பத்து ஆண்டுக்கு மேலான 63 வயதுப் பெண்ணும் ஒன்றல்ல. பின்னாளில் அதே தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபதுக்கு உட்பட்டவர்களுக்கும், நின்று பத்து ஆண்டு ஆகாதவர்களுக்கும், பெரிய தொல்லை இருந்தால் நன்மையே ஓங்கியிருப்பது தெரிந்தது. கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜெனை மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. இந்தத் திருத்தங்களைப் பெண்களிடம் யாரும் 2002இன் வேகத்தோடு கொண்டுசேர்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் மருந்தை நிறுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் வியர்த்துக் கிடந்த பெண்களுக்கு மருத்துவ உலகம் பட்ட கடன் பெரிது.

ஊசல் இப்போது மறுபக்கம் போகிறது. பிரிட்டனில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டவினா மெக்கால் 2021இல் வழங்கிய ஆவணப்படத்துக்குப் பின் ஹார்மோன் கேட்டுவரும் பெண்களின் எண்ணிக்கை தாவி ஏறியது. 2022இல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஹார்மோன் மருந்துகளின் பெட்டிகளில் இருந்த கடும் எச்சரிக்கையை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்காக, மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு நரம்புகளில் வேலை செய்யும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்து 2023இல் அங்கே அனுமதி பெற்றது. மறுபுறம், 2024இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், இயல்பான ஒரு பருவத்தை முழுக்க முழுக்க மருத்துவச் சிக்கலாக்குவது பெண்களுக்கு நல்லதன்று என்று எச்சரித்தது. இந்தியாவில் நிலைமை வேறு. ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்கள் இங்கே எப்போதும் மிகக் குறைவு. அதைப் பற்றிய அச்சம் மட்டும் பரவலாக வந்து சேர்ந்திருக்கிறது.

புற்றுநோய் மீதான அச்சத்தின் நிழலில் மறைந்துபோவது இதயம். பெண்களின் உயிரை மிகுதியாகப் பறிப்பது உலகெங்கும் இதயநோயும் பக்கவாதமும்தான். அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்துவருகிறது. பெண்களின் முதன்மையான எமன் இதயநோய் என்று 2009இல் 65 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். 2019இல் 44 விழுக்காட்டினரே சொன்னார்கள். பத்தாண்டு விழிப்புணர்வுப் பரப்புரைக்குப் பின் கிடைத்த விடை இது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு, சில சமயம் அது இல்லாமலே, மூச்சுவாங்கல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அசதி என்று வருவதுண்டு. நம் வீடுகளில் அதற்கு வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்து, ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவார்கள். அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் காப்பாற்ற வழி இருக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த இரண்டுக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது, தனக்கென்று ஒரு நாள் ஒதுக்கி மருத்துவமனை போகாத நடுவயதுப் பெண்களுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு.

எலும்பைப் பற்றிய பார்வை வேறுவிதமாகத் தடுமாறுகிறது. முழங்கால் வலித்தால்தான் எலும்பு நினைவுக்கு வருகிறது. முழங்கால் மூட்டுத் தேய்வது ஒரு நோய். எலும்பு உள்ளுக்குள் அடர்த்தி இழந்து நொறுங்கும் நிலைக்கு வருவது இன்னொன்று. இரண்டாவதற்கு வலி கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் தெரியவருகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். இதற்குப் பெரும்பாலான பெண்கள் அறிந்த மருந்து கால்சியம் மாத்திரை. அதன் பயன் அளவானது: 36,282 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தபோது, கால்சியமும் வைட்டமின் டியும் இடுப்பெலும்பு முறிவைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது. உணவிலிருந்து பெறுவது பாதுகாப்பானது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் சுமார் 240. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் மோர், முருங்கைக்கீரைப் பொரியல், நெத்திலிக் கருவாடு என்று உண்ணும் குடும்பத்துக்கு இந்த அளவு எட்டாத தூரமில்லை. வீட்டில் எல்லோருக்கும் போக மிஞ்சியதைத் தின்னும் பெண்ணுக்குத்தான் அது எட்டுவதில்லை. வெயில் கொளுத்தும் நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

வயதான பிறகு கனமாக எதையும் தூக்கக் கூடாது என்ற எண்ணம் பெண்களிடமும் வீட்டாரிடமும் ஊறிக்கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்த ‘லிஃப்ட்மோர்’ சோதனை இதை நேருக்கு நேர் எதிர்கொண்டது. 58 வயதைக் கடந்து, எலும்பு அடர்த்தி குறைந்திருந்த 101 பெண்கள் கலந்துகொண்டார்கள். பாதிப்பேர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் அருகில் நிற்க, இரும்புத் தண்டில் எடையை மாட்டித் தரையிலிருந்து தூக்கினார்கள். தோளில் தாங்கி உட்கார்ந்து எழுந்தார்கள். தலைக்கு மேல் உயர்த்தினார்கள். கம்பியைப் பிடித்து எம்பித் தரையில் அழுந்தக் குதித்தார்கள். முதல் மாதம் எடையைக் குறைவாக வைத்து நிற்கும் முறையையும் குனியும் முறையையும் பழக்கிய பிறகே கனம் கூட்டப்பட்டது. எட்டு மாதம் கழித்து அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியிருந்தது. வீட்டில் எளிய பயிற்சி செய்த மறுபாதியினருக்கு 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டுத் தனியாக யாரும் எடை தூக்கத் தொடங்கிவிடக் கூடாது. மேற்பார்வைதான் அந்தச் சோதனையின் உயிர்நாடி. ஆனாலும் நடைப்பயிற்சி ஒன்றே போதும் என்ற பொது நம்பிக்கை திருத்தப்பட வேண்டியது. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்போடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும், 65 வயதுக்கு மேல் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது.

பெண்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளாதவை இரண்டு: பெண்ணுறுப்பு வறட்சியும் சிறுநீர்க் கசிவும். வறட்சியால் உடலுறவு வலிக்கிறது, எரிச்சல் வருகிறது, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. தகிப்பு காலப்போக்கில் தணிகிறது. இது ஆண்டு செல்லச் செல்லக் கூடுகிறது. இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்றோ, இந்த வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்றோ பெண்கள் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர்களும் கேட்பதில்லை. அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜென் களிம்பு இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது, பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகிறது. இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசியும் பெண், நீண்ட தூரப் பேருந்தில் ஏறத் தயங்குகிறாள். கல்யாணத்துக்குப் போனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. மெல்ல மெல்ல வீட்டோடு அடங்கிவிடுகிறாள். இடுப்புத் தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னால்ட் கீகல் 1948லேயே விளக்கினார். செலவில்லாத அந்தப் பயிற்சியை முறையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியர் போதும்.

இரத்தப்போக்கு விஷயத்தில் பார்வைக் கோளாறு உயிருக்கே உலை வைக்கும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் சொட்டு இரத்தம் பட்டாலும் அது மாதவிடாய் திரும்பியதாகாது. அப்படி வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது; அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே முதல் அறிகுறி. உடனே பார்த்தால் குணமாகும் நோய். ‘சூட்டினால் வந்திருக்கும்’ என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக் காத்திருப்பது, குணமாகும் வாய்ப்பைப் பறிகொடுப்பது.

இதற்கு நேர்மாறான கொடுமை, தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி இந்தியாவில் இந்த அறுவை மிகுதியாக நடப்பது ஆந்திராவிலும் தெலங்கானாவிலும். ஐம்பது வயதுக்குள் அதைச் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 35 வயதுக்குள் செய்துகொண்டவர்கள். பெரும்பாலான அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அந்தப் பை எதற்கு, வைத்திருந்தால் புற்றுநோய் வரும் என்று பெண்கள் நம்பவைக்கப்பட்டார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019இல் அரசுக் குழு விசாரித்தபோது, சுமார் 82,000 பேரில் 13,800க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தனர். கணவனும் மனைவியும் ஓர் அலகாக முன்பணம் வாங்கி வெட்டும் வேலை அது. ஒரு நாள் வராவிட்டால் அபராதம். கரும்புக் காட்டில் கழிப்பிடமோ தண்ணீரோ இல்லை. மாதவிடாயே வேலைக்கு இடைஞ்சலான இடத்தில் கர்ப்பப்பையை அறுத்தெறிவது வழியாகத் தெரிந்தது. சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டால் அன்றைக்கே ஈஸ்ட்ரோஜென் நின்றுவிடும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை முன்கூட்டியே ஓய்ந்துபோவதுண்டு. முப்பது வயதில் தொடங்கும் எலும்புத் தேய்வும் இதய ஆபத்தும் ஐம்பதில் தொடங்குவதைவிட இருபது ஆண்டு நீண்ட சுமை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

தூக்கமின்மை, எரிச்சல், மறதி, மனச்சோர்வு ஆகியவற்றைப் பெண்கள் பெரும்பாலும் குடும்பச் சூழ்நிலையின் கணக்கில் எழுதுகிறார்கள். அது முற்றிலும் தவறன்று. மகளின் கல்யாணம், மகனின் வேலை, படுக்கையில் இருக்கும் மாமியார் எல்லாம் வந்து சேரும் வயது அது. எனினும் மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் மனச்சோர்வு கூடுவதை ‘ஸ்வான்’ ஆய்வும் பதிவு செய்திருக்கிறது. முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம்.

கைவைத்தியத்தின் மீது நம்பிக்கை எல்லா நாடுகளிலும் உண்டு. சோயாவில் உள்ள ஈஸ்ட்ரோஜென் போன்ற பொருள் தகிப்பைக் குறைக்குமா என்ற சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. மேலை நாடுகளில் விற்கும் பிளாக் கோஹோஷ் மூலிகை சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சிறு சோதனைகளே நடந்துள்ளன. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஊட்டும் உளுந்தங்களியை இந்த வயதிலும் இடுப்புக்கு வலு என்று சாப்பிடுகிறார்கள். புரதம் குறைவாக உண்ணும் பெண்ணுக்கு உளுந்து நல்ல உணவுதான், அதில் சேர்க்கும் கருப்பட்டியின் அளவை மட்டும் சர்க்கரை நோயாளிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் பெண்களின் பார்வை இப்படி அமைந்ததில் அரசின் பார்வைக்கும் பங்குண்டு. பெண்ணின் உடல்நலம் என்றால் பேறுகாலம் என்றே திட்டங்கள் நெடுங்காலம் வகுக்கப்பட்டன. தேசியக் குடும்ப நல ஆய்வு பெண்களிடம் விரிவாகக் கேள்வி கேட்பது 15 வயது முதல் 49 வரை. மாதவிடாய் நிற்கும் வயதில் அந்த நேர்காணல் முடிந்துவிடுகிறது. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானோரிடம் 2017-18இல் நடந்த முதியோர் ஆய்வுதான் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பத் தொடங்கியது. தொற்றா நோய்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான சோதனை உண்டு. எலும்பு அடர்த்தியும் சிறுநீர்க் கசிவும் அந்தப் பட்டியலில் இல்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவி பெரும்பாலும் நகர மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. வயது, எடை, பழைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா என்பன போன்ற விவரங்களை மட்டும் கேட்டு ஆபத்தைக் கணக்கிடும் ‘ஃப்ராக்ஸ்’ முறையை ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரும் பயன்படுத்த முடியும்.